கன்றிய தோல்

“யாருடி அவன்?”

சேலை மடிப்பை விட்டுவிட்டுக் காளியம்மா மகளின் கையைப் பிடித்துத் திருப்பினார். ஷர்மினியின் மேல்கையின் உட்புறத்தில் மூன்று இடங்கள் நீலமும் பச்சையுமாகக் கன்றிப்போயிருந்தன.

“யாரும் இல்லம்மா. லேப் படியில வழுக்கி விழுந்துட்டேன்.”

“படியில விழுந்தா கைக்கு உள்பக்கம் படாது.” காளியம்மா குரலை உயர்த்தவில்லை. “பச்சையா மாறிருச்சு. அஞ்சு நாளாவது ஆயிருக்கும். செவ்வாய்க்கிழமை என்ன நடந்துச்சு?”

ஷர்மினிக்குத் தூக்கிவாரிப் போட்டது. செவ்வாய்க்கிழமையேதான்.

அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாகத் தலைகீழாகத் தொங்கினாள். பெர்மாஸ் ஜெயாவில் அவள் வாடகைக்கு இருக்கும் அறையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, டோபிக் கடைக்கு மேல்மாடியில் ஓர் உடற்பயிற்சிக் கூடம். தரையிலிருந்து கூரைவரை நிற்கும் எஃகுக் கம்பத்தைக் கால்களால் மட்டும் பின்னிக்கொண்டு, இரண்டு கைகளையும் விட்டாள். போல் ஃபிட்னஸ் என்று பெயர். எட்டு மாதப் பயிற்சி.

முதுகுவலிக்காகத்தான் முதலில் போனாள். செம்பனை எண்ணெய் ஆலைக் கழிவுநீரைப் பற்றி முதுகலை ஆய்வு. உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. வாரம் ஒரு வகுப்பு என்று ஆரம்பித்தது மூன்றாகிவிட்டது. ஆய்வேட்டின் மூன்றாவது அத்தியாயம் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையோடு திரும்பி வந்த நாளில்கூட, அந்தக் கம்பத்தில் ஏறி இறங்கிய பிறகுதான் அவளுக்கு மூச்சு சீரானது.

ஆனால் வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. கம்பத்தைப் பிடித்து ஆடுவது என்றாலே ஜனங்களுக்கு மதுக்கூடம்தான் ஞாபகம் வரும். சொந்த ஊரான லாபிஸில் அப்பா செல்லப்பன் பள்ளி பஸ் ஓட்டுகிறார், கோயில் கமிட்டியில் செயலாளர். ‘என் மக மாஸ்டர்ஸ் படிக்குது’ என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்துப்போகிறவர். அவர் நாலு பேர் முன்னால் தலைகுனிந்து நிற்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

“பேரைச் சொல்லு.”

அம்மா விடுவதாக இல்லை. உறவுக்காரர் கல்யாணத்துக்காகக் காலை பஸ்ஸில் லாபிஸிலிருந்து வந்தவர். மண்டபத்துக்குப் போக இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது.

“ரூபேந்திரன்” என்றாள் ஷர்மினி. வாயில் வந்த பெயர். ஆய்வகத்தில் அடுத்த மேசைக்காரன். அவள் மறந்துவிட்டுப்போகும் கண்ணாடிக் குப்பிகளையும் சேர்த்துக் கழுவி வைக்கிறவன்.

சொன்ன மறுகணமே அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

காளியம்மா திட்டவில்லை. பைக்குள்ளிருந்து தன்னுடைய முழுக்கை ரவிக்கையை எடுத்து நீட்டினார். “இதைப் போட்டுக்கோ. யாரும் கேட்க மாட்டாங்க. அதுக்கு முன்னாடி அவனுக்கு போன் போடு.”

“வேணாம் லா, அம்மா...”

“போடுடி! அவன் முகத்தை நான் பாக்கணும்!”

பள்ளி கெண்டினில் இருபது வருடம் வேலை செய்தும் ஒரு பிள்ளையைக்கூட அதட்டாதவர். இப்போது மகளின் கைப்பேசியை அவரே எடுத்து, ரூபேந்திரனின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்.

ஷர்மினி பாய்ந்து பிடுங்கினாள். “அவரு ஒண்ணும் செய்யலம்மா! நான்தான் பொய் சொன்னேன்!”

வேறு வழியில்லை. செவ்வாய்க்கிழமை எடுத்த வீடியோவைப் போட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அரைக்கால் சட்டை, கையில்லாத பனியன், தலைகீழாக அவள். நாற்பது விநாடிதான். வீடியோவின் பாட்டு முடிந்தது. அம்மா மறுபடி முதலிலிருந்து போட்டார்.

“இது நீதானா?”

“ஆமாம்மா.”

“இதுல பட்டதா எல்லாம்?”

“மேல ஏறுறப்ப கையிடுக்குல கம்பத்தை இறுக்கிப் பிடிக்கணும்மா, தோலு அழுந்திக் கன்னிப்போயிரும். எல்லாருக்கும் ஆகும்.”

“அப்ப யாரும் உன்மேல கை வைக்கல?”

“சத்தியமா இல்லம்மா.”

காளியம்மா பொத்தென்று கட்டிலில் உட்கார்ந்தார். அதுவரை அழாதவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். ஷர்மினிக்கு அப்படியே செத்துப்போகலாம் போலிருந்தது.

“அசிங்கமா இருக்காம்மா? இனிமே போகல. அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

“அட போடி.” காளியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “கழுத்து கிழுத்து முறியாம ஆடு, போதும். எவனோ அடிச்சிட்டான்னு நெனச்சு எனக்கு உயிரே போயிருச்சு.”

இவ்வளவுதானா என்று இருந்தது ஷர்மினிக்கு. எட்டு மாதப் பாரம் இறங்கிய மிதப்பில் அம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டாள்.

“ஐயோ அலமாக், நான் அப்பா பொண்ணும்மா! அப்படி ஒரு மனுஷனப் பாத்து வளந்தவ, கை நீட்டுறவன்கிட்ட போய் நிப்பேனா?”

காளியம்மாவின் சிரிப்பு நின்றது. மகளின் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னார்.

“அடி வாங்குறது என்னோட போகட்டும்னுதான் உன்னைப் படிக்க வச்சேன்.”