வெந்நீருக்குள் பேசுகிறவள்

“எம்மா, இன்னைக்கும் குழறுதே. குடிச்சிருக்கியா?” என்று விரல்களால் கேட்டுவிட்டுச் சிரித்தாள் ரெனிட்டா. பிறவியிலேயே காது கேட்காத இந்த மகளோடு ஞானசெல்வி பதினாறு வருடமாகக் கைகளால்தான் பேசுகிறாள். போன வருடம் முடக்குவாதம் வந்ததிலிருந்து, காலையில் அந்தக் கைகள் வீங்கிப் பாதி வார்த்தையிலேயே நின்றுவிடுகின்றன. டாக்டர் தந்த மாத்திரைகளை அவள் ஒருநாளும் தவறவிட்டதில்லை. அதோடு சர்க்கரையை நிறுத்தினாள், உயிராக இருந்த வாழைக்காய் பஜ்ஜியை நிறுத்தினாள். தட்டில் மத்தி மீனும் கீரையும் வந்தன. விடிந்ததும் நடந்துவிட்டு வந்து, வெந்நீர் வாளிக்குள் கைகளை விட்டு அங்கேயே பேசிப் பழகினாள். தண்ணீருக்குள் சொற்கள் வலியில்லாமல் விரிந்தன.

இன்று ஈரக் கைகளோடு நீளமான ஒரு வாக்கியத்தைத் தொடங்கினாள். மூன்றாவது சொல்லில் ஆள்காட்டி விரல் மடங்க மறுத்தது. ரெனிட்டா பாவம் பார்த்து மீதியைத் தானே முடித்தாள்: “ஸ்கூலுக்கு நேரமாச்சு, அதானே?”

அதுவல்ல. ஞானசெல்வி மகளின் கைகளைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கிவிட்டு, தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நிமிர்த்திச் சொன்னாள்: “எவ்வளவு நேரமானாலும் மீதிய நானே சொல்லுதேன். அதுவரைக்கும் பொறுத்துக்கிடுவியா, மக்களே?”