சயனைடு மேட்டு டென்ட்

டென்டின் அடித்துணியை உதறியதும் சாம்பல் நிறப் பொடி மேஜைமேல் கொட்டியது. இது என்ன என்று சோதனை அதிகாரி விநாயக் கன்னடத்தில் கேட்டார்.

"சயனைடு," என்றாள் பியூலா.

விநாயக் கையை எடுத்துக்கொண்டார். வாசலில் நின்ற காவலர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

பெங்களூரு விமான நிலையத்தில் பெட்டிகளைத் திறந்து பார்க்கும் அறை அது. பியூலாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. கோலார் தங்க வயலில், கோரமண்டல் என்ற பகுதியில் வீடு. காலை ரயிலில் பெங்களூருக்கு வந்து ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். தான் தப்பாக ஏதோ சொல்லிவிட்டதாக அவளுக்குத் தோன்றவில்லை. ஊரில் எல்லோரும் அந்த மண்ணை அப்படித்தான் சொல்வார்கள்.

பெட்டிகளைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த முனிரத்தினம் குறுக்கே வந்தான். தங்கம் எடுத்துவிட்டுக் கொட்டிய மண் சார், மலை மாதிரிக் குவிந்து கிடக்கும், சயனைடு மேடு என்று பெயர், நானும் அந்த ஊர்தான், பாலகாட் பக்கம் என்றான். பிறகு அவள் பக்கம் திரும்பினான்.

"இன்னாக்கா, ஏர்போர்ட்ல வந்து இப்டியா சொல்றது?"

"கேட்டாரு, சொன்னேன்."

பொடியைத் துணியால் ஒற்றிச் சோதனை இயந்திரத்தில் வைத்தார்கள். இயந்திரம் ஒன்றும் சொல்லவில்லை. காவலர் கதவைத் திறந்துவிட்டுப் பழைய இடத்துக்குப் போனார்.

விநாயக் மற்றவற்றை எடுத்தார். டென்டை இழுத்துக் கட்டும் இரும்பு முளைகள் இந்தப் பெட்டியில் போகலாம் என்றார். ஸ்டவ்வை முகர்ந்து பார்த்தார். கேஸ் டப்பா இல்லாவிட்டாலும் வாடை இருந்தது. இதை அனுப்ப முடியாது மேடம் என்றார்.

வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். பிரெட் தின்று சமாளிக்கலாம்.

அடுத்தது தனியாகப் பிளாஸ்டிக் பையில் கட்டியிருந்த மேல்துணி. அவிழ்த்ததும் தண்ணீர் சொட்டியது.

மழையிலா டென்ட் போட்டீர்கள் என்று கேட்டார்.

மழைக்காகத்தான் போட்டேன் என்றாள்.

மே மாதம் முழுக்க அப்படித்தான். வானம் கறுத்தால் ஊரே வீட்டுக்கு ஓடும், அவள் டென்டைத் தூக்கிக்கொண்டு சயனைடு மேட்டுக்குப் போவாள். முதல் மழையில், வெளியே நீட்டிக்கொண்டிருந்த அடித்துணி விழுந்த தண்ணீரையெல்லாம் உள்ளே அழைத்து வந்தது. அதை மடித்து உள்ளே தள்ளக் கற்றுக்கொண்டாள். அடுத்த மழைக்கு ஜிப்பையெல்லாம் இறுக்கி மூடினாள். ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை, ஆனாலும் போர்வை நனைந்திருந்தது. அவள் விட்ட மூச்சுதான். அதற்குப் பிறகு மேலே இருக்கும் ஜன்னலை மூடுவதில்லை. இளகின மண்ணில் முளை பிடுங்கிக்கொண்டு வந்தால், பையில் மண்ணை நிரப்பிக் கயிற்றை அதில் கட்டினாள்.

கணவர் டக்ளஸ் குடையோடு வந்து கொஞ்சம் தள்ளி நிற்பார். சர்ச்சிலிருந்து வந்தவர்கள் ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டார்கள். பண்ணுங்கள், கயிற்றை மட்டும் மிதிக்க வேண்டாம் என்றாள்.

ஈரமாக மடித்தால் பூஞ்சை பிடித்துவிடுமே என்றார் விநாயக். அவரும் ஒன்றிரண்டு மலை ஏறியவர். டேராடூனில் இறங்கினதும் காயவைப்பேன் என்றாள். அவருக்கு அவளைப் பிடித்துப்போயிருந்தது. என் அம்மாவுக்கும் உங்கள் வயதுதான், மாடிப்படி ஏறவே யோசிப்பார், நீங்கள் தனியாகவா போகிறீர்கள், எத்தனை நாள் என்று சிரித்தபடியே கேட்டார்.

"கெடைக்கிற வரைக்கும்."

இதை மட்டும் தமிழில் சொல்லிவிட்டாள். விநாயக், அர்த்தம் கேட்க முனிரத்தினத்தைப் பார்த்தார்.

முனிரத்தினம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீங்க வின்னியோட அம்மாவா?"

தலையாட்டினாள்.

அவன் தாழ்ந்த குரலில் கன்னடத்தில் சொன்னான். ஒரே பெண். போன அக்டோபரில் ஒரு கூட்டத்தோடு இமயமலைக்குப் போனது. திரும்பி இறங்கும்போது பனியில் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்துவிட்டது. உடல் இன்னும் கிடைக்கவில்லை. ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். கடைசியாக வந்துகொண்டிருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

"கடைசில இல்ல," என்றாள் பியூலா. "நடுவுல வந்தா."



பெட்டிக்குள் துணிகளைத் திரும்ப அடுக்கிக்கொண்டே பியூலா சொன்னாள். அப்போது தேடிய ஆட்களுக்குப் பக்கத்திலேயே தானும் ஒரு டென்டில் தங்கியிருந்தாள். ரெண்டாம் நாள் மழையில் உள்ளே தண்ணீர் புகுந்து எல்லாம் நனைந்து, காய்ச்சல் வந்து, அவளைக் கீழே அனுப்பிவிட்டார்கள். அவள் இறங்கின மறுநாளே தேடுவதையும் நிறுத்திவிட்டார்கள். இப்போது பனி உருகியிருக்கிறது. மறுபடி ஆரம்பிக்கிறார்கள்.

"எங்கப்பா சுரங்கத்துக்கு அடியில மாட்டிக்கினப்ப, எங்கம்மா ஷாப்ட் வாசலை வுட்டு நகரல," என்றாள் முனிரத்தினத்திடம். "ஆளு நின்னுக்கினு இருந்தாத்தான மறுபடி கேஜ்ல எறங்குவாங்க."

"ஆமாக்கா," என்றான்.

விநாயக் அவளுடைய போர்டிங் பாஸை வாங்கி நேரத்தைப் பார்த்தார். பிறகு மேல்துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு முனையை முனிரத்தினத்திடம் நீட்டினார். இரண்டு பேரும் அதை விரித்து, சுவரில் ஓடிய மின்விசிறிக்கு நேராகப் பிடித்தார்கள். விநாயக்கின் சட்டையில் தண்ணீர் தெறித்தது.

அடுத்த பயணி கதவருகே வந்து எட்டிப் பார்த்தார். கொஞ்சம் வெளியே இருங்கள் என்றார் விநாயக், கையை எடுக்காமல்.

பியூலா எழுந்து போய்த் துணியைத் தடவிப் பார்த்தாள்.

"தையல் பக்கம் திருப்புங்க," என்றாள். "அங்கதான் ஈரம் நிக்கும்."

திருப்பினார்கள்.