முன்வரிசைக்காரி

“என் பொண்ணு உங்களுக்கு என்ன பாவம் பண்ணினா மேடம்?”

காற்றடித்துக்கொண்டிருந்த கால்பந்தைக் கீழே வைத்துவிட்டு கோச் நிமிர்ந்தாள். விளையாட்டு அறை வாசலில், ஆஸ்பத்திரி சீருடையைக்கூட மாற்றாமல், கதவு நிலையைப் பிடித்தபடி கோல்கீப்பர் பெண்ணின் அப்பா நின்றிருந்தார்.

“உள்ளே வாங்க சார். உட்காருங்க.”

“நான் உட்கார வரலை.”

வாய் சொன்னதே தவிர, கால் கேட்கவில்லை. ராத்திரி முழுக்க வார்டு வார்டாக ஸ்ட்ரெச்சர் தள்ளிய கால். கிழிந்த வலை மூட்டைக்குப் பக்கத்திலிருந்த ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“போன வருஷம் பத்தொன்பது கோல் போட்டவ. இந்த ஸ்கூல்ல வேற யாரு போட்டிருக்கா சொல்லுங்க? அவளை முதல்ல நடுவுக்கு இழுத்தீங்க. சரின்னேன். அப்புறம் பின்னாடி தள்ளினீங்க. அதுக்கும் பேசாம இருந்தேன். இப்ப கோல்கீப்பர்! இன்னும் நாலடி பின்னாடி போனா காம்பவுண்டுச் சுவர்தான் மேடம்.”

கோச்சுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“கீப்பிங்கும் நல்லாத்தானே பண்றா?”

“நம்ம பக்கம் பந்து வந்தாத்தானே பண்றதுக்கு! எல்லாரும் அந்தப் பக்கம் ஆடுறாங்க. இவ இங்க விளக்குக் கம்பம் மாதிரி நிக்கிறா. யாரோ பெரிய மனுஷன் வீட்டுப் பொண்ணு கேட்டிருக்கும், இவ இடத்தைத் தூக்கிக் கொடுத்துட்டீங்க. அதானே?”

குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம் இருந்தது. சண்டை போடுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறதே.

“வீட்டுல அவ என்ன சொல்றா?”

“‘கோச் நிக்கச் சொன்ன இடத்துல நிக்கிறேன்ப்பா.’ அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை வாங்க முடியலை.”

கோச் பம்பிலிருந்து ஊசியைக் கழற்றினாள்.

“அவளுக்குன்னு கைதட்ட வீட்டுல நான் ஒருத்தன்தான் மேடம். டியூட்டி முடிஞ்சா நேரா கிரவுண்டுக்குத்தான் வருவேன். ஒரு மேட்ச் விட்டதில்லை. அவ முன்னாடி ஆடினவரைக்கும் நான் உட்கார்ந்ததே கிடையாது. கோட்டோரமா அவகூடவே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுவேன். இப்ப என்ன ஆச்சு தெரியுமா?” அவர் குரல் தணிந்தது. “போன சனிக்கிழமை கோலுக்குப் பின்னாடி பெஞ்சுல உட்கார்ந்தவன், அப்படியே தூங்கிட்டேன். பெத்த பொண்ணு ஆடறப்போ தூங்கறவன்லாம் ஒரு அப்பனா?”

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“வேண்டாம் மேடம். வேற ஸ்கூல்ல சேர்த்துடறேன். அங்கயாவது முன்னாடி ஆடட்டும்.”

“ஒரு நிமிஷம் சார்.” கோச் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். “சொல்ல மாட்டேன்னு அவகிட்ட சத்தியம் பண்ணியிருந்தேன். இப்ப வேற வழி தெரியலை. அவளை நான் மாத்தலை. மூணு தடவையும் அவதான் வந்து கேட்டா.”

“அவளா? எதுக்கு?”

“‘ராத்திரி பூரா நின்னுட்டு வர்றார். வராதீங்கன்னாலும் கேக்க மாட்டேங்கறார். நான் ஓடினா அவரும் ஓடறார் மேடம். நான் ஒரே இடத்துல நின்னா அவரும் ஒரு இடத்துல உட்காருவார்’னா. முடியாதுன்னேன். அப்ப ஆட்டத்தையே விட்டுடறேன்னுட்டா.”

அவர் மறுபடியும் ஸ்டூலைத் தேடினார்.

“போன சனிக்கிழமை மேட்ச் முடிஞ்சதும் ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா சார். பத்தொன்பது கோல் போட்டப்போகூட அவ அப்படிக் குதிச்சு நான் பார்த்ததில்லை. ‘மேடம், அப்பா அரை மணி நேரம் தூங்கிட்டார்!’”