முதல் சிட்டிங்

"ரேசரை நீ தொடாத அம்மணி. நானே வழிச்சு உடறேன்."

சாந்தாமணி மகளின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். முழங்கையிலிருந்து விரல்வரை கருகருவென்று அடர்ந்திருந்த முடியை ரேசர் வழித்துக்கொண்டே போனது.

"வேக்ஸிங் பண்ணி வேரோட எடுத்துட்டுப் போனாத்தான் என்னவாமா?"

"வேர் உள்ள இருந்தாத்தான் லேசர் அதைப் புடிச்சுச் சுடுமாம்மா. மேலாக்க வழிச்சுட்டு வந்தாப் போதும்னாங்க," என்றாள் யுவஸ்ரீ.

சூலூரில் ஒரு தறிக் கம்பெனி ஆபீசில் போன் எடுக்கும் வேலை அவளுக்கு. லேசர் என்று முடிவானதிலிருந்து வெயிலில் கையைக் காட்டுவதே இல்லை. முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் துப்பட்டா.

எல்லாம் பூ வைத்த அன்று கிளம்பிய பேச்சு. மாப்பிள்ளை வீட்டுச் சொந்தத்தில் ஒரு பெண் வளையல் போட்டுவிட வந்தாள். வளையல் ஏறவில்லை. "இதென்னுங்க, பொண்ணு கை ஆம்பளக் கையாட்ட இருக்குது!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

மாப்பிள்ளை கௌதமனுக்கு எல்லாம் தெரியும். "அதெல்லாம் கண்டுக்காத யுவா. எனக்கு ஒண்ணுமே இல்ல," என்று போனில் சொன்னான். இருந்தும் அவளுக்கு மனசு ஆறவில்லை.

"போத்தனூர் அமலியக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கோணும்," என்றாள் சாந்தாமணி, ரேசரைக் கழுவிக்கொண்டே.

"முடிஞ்சப்பறம் சொல்லிக்கலாம்மா."

"முடிஞ்சப்பறம் சொல்லி? மறுக்கா மொளைக்கவா போகுது?"

யுவஸ்ரீ மற்றக் கையை நீட்டினாள்.

கோவையில் இருந்த அந்த கிளினிக்கில் பிரத்யுஷா என்ற பெண்தான் லேசர் போட்டாள். யுவஸ்ரீயின் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, கையில் ஜில்லென்று ஜெல்லைத் தடவினாள்.

"ப்ளீச், கிரீம் எதுவும் போடலைங்கல்ல? மாத்திரை ஏதோ சாப்பிடறதா டாக்டர் சொன்னாங்க."

"அது தினமும் சாப்பிடறதுங்க. எங்க பெரிய டாக்டர்கிட்டக் கேட்டுட்டோம். தாராளமாப் பண்ணிக்கலாம்னுட்டார்."

மெஷினின் முனை மணிக்கட்டுக்குக் கீழே பட்டது. ரப்பர் பேண்டை இழுத்து விட்டதுபோல் சுள்ளென்றது.

"வலிக்குதுங்களா?"

"வலிக்குதுங்க. நல்லாவே வலிக்குது!" யுவஸ்ரீயின் முகமெல்லாம் சிரிப்பு. "விரல்லகூடத் தெரியுதுங்க. அம்மா, வலிக்குதும்மா!"

சாந்தாமணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இத்தனை சந்தோசமா வலிக்குதுன்னு சொன்னவங்களை நான் பார்த்ததே இல்லைங்க," என்று பிரத்யுஷாவும் சிரித்தாள். முடித்துவிட்டுச் சொன்னாள். "ஊட்டுக்குப் போய் ஐஸைத் துணியில சுத்தி வெய்யுங்க. ரெண்டு நாளைக்குச் சுடுதண்ணி வேண்டாம். அரிச்சாலும் சொறியக் கூடாது. கத்தாழை ஜெல் போடுங்க. செவப்புத் தானா அடங்கிரும். இன்னும் அஞ்சாறு சிட்டிங் வரவேண்டியிருக்கும்."

பஸ் ஸ்டாப் வரைக்கும் சாந்தாமணி குடையை மகளுக்கு மட்டுமே பிடித்துக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் மத்தியானம் யுவஸ்ரீ கையில் ஐஸ் ஒத்தடம் வைத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் குரல் கேட்டது.

"ஏனுங்க சாந்தாமணி, ஊட்டுல இருக்கீங்களா?"

அமலிதான். மாதம் ஒருமுறையாவது போத்தனூரிலிருந்து உக்கடம் வந்து, பஸ் மாறி, இங்கே வந்துவிடுவாள். உறவும் இல்லை, ஒரே ஊரும் இல்லை. வந்தால் யுவஸ்ரீயின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பாள். காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவாள்.

யுவஸ்ரீ அவசரமாகச் சட்டைக் கையை இழுத்துவிட்டாள். கொண்டுவந்த தேங்காய் பன் பொட்டலத்தை வைத்துவிட்டு உட்கார்ந்த அமலி, வழக்கம்போல அவள் கையைப் பிடித்தாள். பிடித்தவள் நிமிர்ந்து பார்த்தாள். துணியை மெல்ல மேலே தள்ளினாள்.

தோல் திட்டுத்திட்டாகச் சிவந்திருந்தது. ஒரு முடிகூட இல்லை.

அமலி வழவழவென்றிருந்த கையை விரலால் நீவிப் பார்த்தாள். திரும்பவும் நீவினாள்.

"கல்யாணத்துக்காகத்தானுங்கக்கா... வந்தவங்க ஒரு மாதிரி பேசிப்போட்டாங்க..." சாந்தாமணிக்கு வார்த்தை தடுமாறியது.

"கேக்காமப் பண்ணிப்போட்டேன். மன்னிச்சுக்கோங்க அமலிம்மா," என்றாள் யுவஸ்ரீ.

"எரியுதா கண்ணு?"

"கொஞ்சம் எரியுதுங்க."

"நெசமா எரியுதா?"

"நெசமாத்தானுங்க."

அமலிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஜெல்லை வாங்கி, கையிலும் ஒவ்வொரு விரலிலும் பொறுமையாகத் தடவினாள். "உன்ற கை கண்ணு. நீ என்ன வேணா பண்ணிக்கலாம். என்னைக் கேக்கோணும்னு என்ன இருக்குது? வளையல் போட்டா அழகா இருக்கும்."

அவள் கையை எடுக்கப் போனபோது யுவஸ்ரீ விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"எங்கப்பா இல்லைங்களே. முகூர்த்தத்தன்னிக்கு மாப்பிள்ளைகிட்ட என்ற கையைப் புடிச்சுக் குடுக்கறது யாருன்னு எல்லாரும் கேட்டுட்டு இருக்காங்க. நீங்க வந்து குடுக்கோணும்."

அமலி பதறிப்போனாள். "நானா? மாமன், பெரியப்பன்னு அத்தனை பேர் இருக்கறப்ப, நான் யாரு கண்ணு?"

"கரண்டு அடிச்சு முழங்கைக்குக் கீழ ரெண்டு கையும் எடுத்துப்போட்டாங்க, விரலே இல்லாமக் கெடந்தேன். உங்க மகன் ஜெப்ரி ஆக்சிடென்ட்ல போனப்ப, அவரோட கையை எனக்குப் பொருத்தக் குடுத்தது நீங்கதானுங்கம்மா," என்றாள் யுவஸ்ரீ. "இன்னொருக்காக் குடுங்க."