சுத்தமான கருங்காலி

ஐஸ் எடுக்க ஃப்ரீசரைத் திறந்த நாத்தனார் போட்ட கூச்சலில், அடுத்த வீட்டுக் கதவுகூடத் திறந்தது.

உள்ளே பட்டாணிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில், பாலிதீன் சுற்றிப் படுத்திருந்தது அவள் அப்பாவின் மரச்சிலை. குழந்தையை முதுகில் கட்டிய ஆப்பிரிக்கப் பெண். கப்பலில் சமையல்காரராக இருந்தபோது அந்தப் பக்கத்துத் துறைமுகம் ஒன்றில் வாங்கி வந்தது.

"எங்கப்பா உயிரையே வெச்சிருக்கிற சிலை! என்ன திமிர் இருந்தா இதைக் கொண்டுபோய் மீன் வைக்கிற இடத்துல போடுவே? அவர் வாக்கிங் முடிஞ்சு வரட்டும், சொல்றேன்!"

"அண்ணி, மெதுவா..." என்றாள் மருமகள். "சிலைக்கு அடியில மாவு மாதிரி கொட்டிச்சு. பூச்சி அரிக்குதோன்னு பழம்பொருளுக்கு மதிப்பு போடறவர்கிட்ட காட்டினேன். மருந்து அடிச்சா நிறம் போயிடும், காத்துப் புகாம சுத்தி ரெண்டு வாரம் ஃப்ரீசர்ல வைம்மா, பூச்சி தானா செத்துடும்னார். மாமாவுக்கும் தெரியும்."

நாத்தனாருக்குச் சுருதி இறங்கியது. "அப்படியா! சரி, என்ன மதிப்பு போட்டார்? அசல் கருங்காலியாச்சே!"

மருமகள் வாசலை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

"கருங்காலியே இல்லையாம் அண்ணி. டூரிஸ்ட்டுக்குன்னு ஏதோ வெள்ளை மரத்துல செதுக்கி, கறுப்பு ஷூ பாலிஷ் பூசினதாம். ஆனா அந்தக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'செதுக்கினவன் கைக்குத் தங்கக் காப்பே போடலாம்'னார்."

"அப்பாகிட்ட சொல்லிட்டியா?"

"மனசு வருமா? வர்றவங்ககிட்ட எல்லாம் கருங்காலின்னு பெருமையடிக்கிறவர். 'சுத்தமான கருங்காலி மாமா'ன்னு கூசாம புளுகிட்டேன். பூச்சு தேயற இடத்துல, அவர் வாக்கிங் போற நேரமாப் பார்த்துப் பாலிஷ் தொட்டு வெச்சிடறேன்."

நாத்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது. இவளையா அப்படிப் பேசினோம் என்று வெட்கமாகவும் இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு அப்பாவைத் தேடிப் போனாள்.

பெரியவர் தெருமுனை பெஞ்சில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க மருமக தங்கம்ப்பா! அந்தக் கருங்காலிச் சிலையை என்னமா பார்த்துக்கிறா!"

"கருங்காலியா?" பெரியவர் சிரித்துவிட்டார். "அதைச் செதுக்கினவனுக்கு, மேலே பூச என் பாலிஷ் டப்பாவைக் கொடுத்ததே நான்தாம்மா. நல்ல மரம் வாங்க அவனுக்கு வசதியில்ல. அந்தக் கைக்குக் கருங்காலியே குறைச்சல்! ஆனா நம்ம ஜனங்க வேலைப்பாட்டையா பார்க்கிறாங்க? 'என்ன மரம்?'னுதான் கேக்கறாங்க. அதான் அப்படிச் சொல்லி வெச்சேன்."

"அப்போ, அவ சொன்னது..."

"மூச்சு விட்டுடாதே. பாலிஷ் வாசனை எனக்குத் தெரியாதா? பாவம், எனக்காக எவ்வளவு மெனக்கெடறா!"

"சரி, இந்த முட்டி வலியோட உங்களுக்கு எதுக்குப்பா வாக்கிங்?"

"வாக்கிங்கா? இந்த பெஞ்சைத் தாண்டினதே இல்ல. நான் வீட்லயே குந்தியிருந்தா, அவ எப்பத்தான் பாலிஷ் போடுவா?"