சொந்த மெட்டு

"பிலிப்பைன்ஸ் பாட்டுக்கு ஒரு போட்டி, அதுக்கு நான் கையெழுத்துப் போடணுமா?"

முகுந்தன் பாரத்தை மேசையில் விட்டெறிந்தார். மலேசியாவின் கிள்ளான் நகரக் கோயில் பஜனைக் குழுவுக்கு அவர்தான் தலைவர்.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள மணிலாவிலிருந்து வந்த மரிசெல் கதவோரம் நின்றாள். மனைவி புஷ்பவதிதான் பதில் சொன்னாள்.

"பாட்டு அவ சொந்தமா போட்டதுன்னு முதலாளி சாட்சி சொல்லணுமாம்."

"சொந்தமாவா? ஹோட்டல்ல வெள்ளைக்காரன் பாட்டைக் காப்பியடிக்கிற கூட்டம் லா இது. மெட்டு போடுறதுன்னா சும்மாவா? இந்தத் தைப்பூசத்துக்கு நான் போட்ட முருகன் பாட்டு, ஷேவ் பண்ணிக்கிட்டு இருக்கும்போது தானா வந்துச்சு. அதுக்கெல்லாம் அருள் வேணும்."

"கேட்டுட்டுச் சொல்லுங்க" என்று மரிசெல் பாடிப் பதிந்த கேசட்டைப் போட்டாள் புஷ்பவதி.

நாலு வரி முடிவதற்குள் முகுந்தன் எழுந்துவிட்டார்.

"இது என் முருகன் பாட்டு. இந்தத் திருடி எப்போ கோயிலுக்கு வந்து கேட்டா?"

"அவ சர்ச்சுக்குத் தவிர எங்கேயும் போனதில்ல. நீங்க கோயில்ல இந்தப் பாட்டை எடுத்த உடனே பாப்பா என் மடியில தூங்கிடுவா, ஞாபகம் இருக்கா? முருகன் அருள்னு கமிட்டில எல்லார்கிட்டயும் சொன்னீங்க."

"அதுக்கென்ன?"

"பொறந்ததுல இருந்து மரிசெல் இந்தப் பாட்டைப் பாடித்தான் அவளைத் தூங்க வைக்கிறா. ரெண்டு வருசமா நீங்க பக்கத்துல உட்கார்ந்து பேப்பர் படிக்கிறீங்க."

முகுந்தன் உட்கார்ந்தார். புஷ்பவதி பாரத்தையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தாள்.

"போடுங்க. உங்களவிட நல்ல சாட்சி அவளுக்குக் கிடைக்காது."