நான்கு விரல் வேர்

அவள் உமரிச் செடியைப் பிடித்து இழுத்தாள். கையோடு வந்துவிட்டது.

அப்படி வரக்கூடாது.

இடிந்த கரையின் ஓரத்தில் மண்டியிட்டிருந்தாள். கடல் ஓதம் வடிந்து, ஓடையில் சேறு மட்டும் மின்னியது. கரை சரிந்த இடத்தில் பச்சை அப்படியே கவிழ்ந்து கிடந்தது.

வேரை விரலால் அளந்தாள். நான்கு விரல்.

பத்தடி தள்ளிப் போய் இன்னொன்றை இழுத்தாள். குட்டையான, சிவந்துபோன செடி. அசையவில்லை. கத்தியால் தோண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. வேர் ஒரு சாணுக்கு மேல், மண்ணை இறுகப் பிடித்திருந்தது.

இந்த உவர்நிலத்தில் தழைச்சத்து அரிது. செடி வேரை நீட்டி நீட்டி அதைத் தேடுகிறது. கிடைத்ததில் ஒரு பங்கை உப்பைத் தாங்கவே செலவழிக்கிறது. மிச்சத்தில்தான் இலை.

தேடாமலே கிடைத்தால் என்ன செய்யும்?

அதுதான் அவளுடைய ஆய்வு.

இரண்டு ஆண்டுகளாக, மாதம் ஒருமுறை, ஆறு திட்டுகளில் தழைச்சத்துக்கு யூரியா இட்டுவந்தாள். தண்டு முழங்காலைத் தொட்டது. இலை தடித்தது. ஒவ்வொரு முறையும் உயரத்தைக் குறித்துக்கொண்டு மகிழ்ச்சியோடு திரும்பினாள்.

வேரை அவள் பார்க்கவே இல்லை. பார்க்கத் தோண்ட வேண்டும். தோண்டினால் திட்டு கெட்டுவிடும். அதைக் கடைசி ஆண்டுக்கென்று ஒதுக்கியிருந்தாள்.

கொடிக்கம்பு நட்டால் யாராவது பிடுங்கிவிடுகிறார்கள். அதனால் திட்டின் நான்கு மூலைகளிலும் சிப்பி புதைத்து வைத்தாள்.

அவளுக்கு மட்டும் தெரிந்த அடையாளம்.

சரிந்த மண்ணில் ஒரு சிப்பி வெள்ளையாகத் துருத்திக்கொண்டிருந்தது.

நான்கு விரல் வேர்ச் செடியை ஈரத் துணியில் சுற்றிப் பையில் வைத்தாள். குடியிருப்பை நோக்கி நடந்தாள்.

*

பவுனம்மா கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். வலது காலில் தொடைவரை மாவுக்கட்டு.

ஓடைச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர். முன்தினம் உமரிக்கீரை பறிக்கப் போய்க் கரையோடு சரிந்தார். மூன்று மாதம் கால் ஊன்றக்கூடாது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள்.

"கொழுந்தக் கண்டா எங்க அத்தைக்குக் கண்ணு தெரியாது. கரை எங்க தெரியப் போவுது," என்றாள் மருமகள், தேநீரை நீட்டியபடி.

பவுனம்மா சிரித்தார்.

"எம் மேலதான் தப்பு தாயி. இருவது வருசமா நடக்குற கரை. மத்த எடமெல்லாம் செவந்து கெடக்கு, அங்க மட்டும் அப்புடி ஒரு பச்ச. ஆசப்பட்டுட்டேன்."

வாங்கிய தம்ளர் சுட்டது. அவள் அதைக் கீழே வைக்கவில்லை.

"நீ செடிக்குச் சோறு ஊட்டுறேன்னு எல்லாரும் சிரிக்கிறாளுவோ. எந்தப் பக்கந்தான் ஊட்டுற, சொல்லேன்?" என்று கேட்டார் பவுனம்மா.

மருமகளும் சிரித்தாள்.

ஏதாவது ஒரு பக்கத்தைச் சொல்லலாம். போன மழை வெள்ளம் கரையை அரித்திருக்கும் என்றும் சொல்லலாம். யாரும் போய்த் தோண்டிப் பார்க்கப் போவதில்லை.

பையைத் திறந்தாள். துணியைப் பிரித்தாள். "நீங்க விழுந்த எடத்துச் செடி," என்று அதைப் பவுனம்மாவின் கையில் வைத்தாள்.

பவுனம்மா இலையைப் பார்க்கவில்லை. அவருடைய கட்டைவிரல் தண்டிலிருந்து கீழே இறங்கியது, சேற்றுக்குள் இறங்குவதுபோல. நான்கு விரல் தூரம் போனது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

சிரிப்பு நின்றது.

விரல் மறுபடியும் மேலே போய், தண்டிலிருந்து தொடங்கியது.